கழுத்துவலிக்கும் முதுகுவலிக்கும் பிசியோதெரபி உண்மையில் என்ன செய்கிறது

திருப்பூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். பவர் டேபிளில் குனிந்து தைப்பவர்களுக்குக் கழுத்தும் தோள்பட்டையும் வலிக்கின்றன. நாள் முழுவதும் நின்றபடி துணி வெட்டுபவர்களுக்கும் அயர்ன் செய்பவர்களுக்கும் இடுப்பு வலிக்கிறது. பண்டல் தூக்குபவர்களுக்கு இடுப்பில் தொடங்கும் வலி காலுக்கும் இறங்குகிறது. வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது: எத்தனை நாள் கரண்ட் வைக்க வேண்டும்? பிசியோதெரபி என்பது கட்டிலில் படுத்திருக்க, இயந்திரம் செய்யும் வேலை என்ற எண்ணம் நம் ஊரில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. வலி குறைவதற்கும், குறைந்த வலி திரும்ப வராமல் இருப்பதற்கும் உதவுவது நோயாளியின் உடல் தானே செய்யும் அசைவும் பயிற்சியும்தான் என்பதை ஒவ்வொருவரிடமும் விளக்க எனக்குக் கிடைக்கும் நேரம் போதுவதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 என அசையக்கூடிய எலும்புகள் 24 இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஒன்றோடொன்று இணைந்த எலும்புகள் உள்ளன. எலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க், அதாவது மக்கள் ஜவ்வு என்று சொல்வது, வெளியே உறுதியான நார் வளையங்களும் உள்ளே நீர்ச்சத்து மிகுந்த மென்பகுதியும் கொண்டது. அது எளிதில் இடம் மாறிவிடும் தளர்வான பொருளன்று. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது இறுகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. இந்த அமைப்பைச் சுற்றி மூட்டுகள், தசைநார்கள், தசைகள், நரம்புகள் எல்லாம் நெருக்கமாக இருப்பதால், சாதாரண முதுகுவலியில் இன்ன இடத்திலிருந்துதான் வலி வருகிறது என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட எவராலும் பெரும்பாலும் முடிவதில்லை. கேட்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனாலும் பெரும்பாலான முதுகுவலிகள் ஆபத்தான நோய் எதனாலும் வருவதில்லை என்பதும், புதிதாக வந்த வலியில் பெரும்பகுதி ஆறு வாரங்களுக்குள் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்பதும் நன்கு நிறுவப்பட்ட உண்மைகள்.

இந்த உண்மையை மறைத்துவிடுவது எம்.ஆர்.ஐ. அறிக்கை. எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையே இருப்பது) பிதுங்கியிருக்கிறது, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று அறிக்கையில் படித்த நாளிலிருந்து குனியவே அஞ்சி, குடம் தூக்குவதை நிறுத்தி, குழந்தையைத் தூக்குவதையும் நிறுத்திய பெண்களை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். வலியே இல்லாத மனிதர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, 3,110 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. எந்த வலியும் இல்லாத 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 விழுக்காடாக இருந்தது. டிஸ்க் பிதுக்கமும் அவ்வாறே 20 வயதில் 30 விழுக்காட்டினரிடமும் 80 வயதில் 84 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. தலைமுடி நரைப்பதற்கு யாரும் சிகிச்சை தேடுவதில்லை. ஸ்கேனில் தெரியும் மாற்றங்களில் பலவும் அந்த வகையைச் சேர்ந்தவையே. அதனால் நான் அறிக்கையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் வலி எங்கே தொடங்கி எதுவரை போகிறது, எந்த அசைவில் கூடுகிறது, எதில் குறைகிறது, காலையில் எப்படி, மாலையில் எப்படி என்று கேட்டுவிட்டு, தசையின் வலுவையும் தோலின் உணர்ச்சியையும் சோதிக்கிறேன். அந்தச் சோதனையோடு அறிக்கை பொருந்தினால் மட்டுமே அதற்கு மதிப்பு.

ஆனால், பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்னரே மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய சில நிலைகளும் உள்ளன. இதில் தாமதம் செய்வது உயிருக்கோ உறுப்புக்கோ கேடாக முடியும் என்பதால் இவற்றை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அறியாமலே சிறுநீரோ மலமோ வெளியேறினாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றியுள்ள பகுதி மரத்துப்போனாலோ அன்றைய தினமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடிய அவசரம். நடக்கும்போது பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, கால் வலுவிழந்துகொண்டே போவது ஆகியவையும் காத்திருக்கக் கூடியவை அல்ல. சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல்கள் தடுமாறி, கூடவே நடையும் தள்ளாடினால், கழுத்துப் பகுதியில் தண்டுவடமே அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் படுத்தாலும் அடங்காத வலி, முதுகெலும்பில் ஒரே இடத்தைத் தட்டினால் சுரீரென்ற வலி ஆகியவை சேர்ந்து வந்தால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். நுரையீரலைப் போலவே முதுகெலும்பையும் அது தாக்கும். அதற்கான மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. முன்பு புற்றுநோய் வந்தவர்களும், லேசாக விழுந்தபின் திடீர் முதுகுவலி வந்த முதியவர்களும் பரிசோதனை செய்துகொள்ளாமல் பயிற்சி செய்யக் கூடாது. நாற்பது வயதுக்குக் கீழுள்ள ஒருவருக்குக் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருந்து, ஓய்வில் கூடி, நடமாடும்போது குறைந்தால், அது வாதநோய் மருத்துவர் பார்க்க வேண்டிய அழற்சி நோயாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை. பின்லாந்தின் ஹெல்சின்கி நகர ஊழியர்களில் திடீர் முதுகுவலி வந்த 186 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வும், இன்னொரு குழுவினருக்கு முதுகுப் பயிற்சியும் கொடுத்து, மூன்றாவது குழுவினரை வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வில் விரைவாகக் குணமானவர்கள் வழக்கம்போல் நடமாடியவர்களே. படுத்திருந்தவர்கள்தான் எல்லோரையும்விடத் தாமதமாகக் குணமானார்கள். வலி உச்சத்தில் இருக்கும் முதல் ஓரிரு நாள்களில், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து அவ்வப்போது படுத்து எழுவதில் தவறில்லை. அந்த நாள்களிலும் கழிப்பறைக்கு எழுந்து செல்வதும் வீட்டுக்குள் சிறிது நேரம் நடப்பதும் நிற்கக் கூடாது. முதல் நாள்களிலேயே கடுமையான பயிற்சிகளைத் தொடங்கத் தேவையில்லை என்பதும் அதே ஆய்வு காட்டும் செய்திதான்.

காலுக்கு இறங்கும் வலிக்கு வருகிறேன். டிஸ்கின் உட்பகுதி பின்பக்கமாகத் தள்ளி நரம்பின் வேரை உறுத்தும்போது, பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால், பாதம் வரை மின்னல்போல் ஓடும் வலியையே சயாட்டிகா என்கிறோம். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்தும்போது அந்த வலி முழங்காலுக்குக் கீழே வரை பாய்ந்தால், நரம்புவேர் எரிச்சலடைந்திருக்கிறது என்று அறியலாம். இத்தகைய நோயாளிகளுக்கு உதவும் ஒரு வழி நியூசிலாந்தில் தற்செயலாகத் தொடங்கியது. 1956-இல் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டின் கிளினிக்கில், கால்வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த கட்டிலில் குப்புறப் படுத்து, முதுகு பின்னோக்கி நன்றாக வளைந்த நிலையில் சில நிமிடங்கள் கிடந்தார். அந்த நிலை கெடுதல் என்றே அக்காலத்தில் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஆனால், வாரக்கணக்கில் குறையாதிருந்த கால்வலி அப்போது மறைந்திருந்தது. அதைக் கவனித்து, பல ஆண்டுகள் பலரிடம் சோதித்து, மெக்கன்சி தன் முறையை வகுத்தார்.

அதை வீட்டில் செய்யும் விதம் எளிமையானது. முதலில் குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் மூச்சைத் தளர்வாக விட வேண்டும். வலி தாங்கினால் முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தி அதே அளவு நேரம் இருக்க வேண்டும். அடுத்ததாக உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைத் தரையில் தளரவிட்டு, மேலுடலை மட்டும் கைகளின் வலுவால் எழுப்பி இறக்க வேண்டும். ஒரு முறைக்குப் பத்துத் தடவை, பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யலாம். இங்கே கவனிக்க வேண்டியது வலியின் அளவைவிட அது இருக்கும் இடம். பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும், பின் இடுப்புக்கும் மேலேறி வந்தால், இடுப்பில் வலி சற்றுக் கூடியிருந்தாலும் அது நல்ல அறிகுறி. மாறாக, தொடை அளவில் இருந்த வலி பாதத்துக்கு இறங்கினாலோ, மரத்துப்போவது கூடினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அந்த உடலுக்கு அந்தத் திசை பொருந்தவில்லை. சிலருக்குப் பக்கவாட்டு அசைவும், சிலருக்கு முன்னோக்கிய அசைவும் பொருந்தும். எந்தத் திசை என்பதைக் கண்டறியத்தான் நேரில் பரிசோதனை தேவைப்படுகிறது. இணையத்தில் ஒரு காணொளியைப் பார்த்துச் செய்தவர்களில் சிலர் நலமடைவதற்கும் சிலர் மோசமடைந்து வருவதற்கும் காரணம் இதுதான்.

டிஸ்க் பிதுங்கினால் அறுவை சிகிச்சைதான் முடிவு என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளியே வந்த டிஸ்க் பகுதியை உடலே படிப்படியாகக் கரைத்துவிடுவது பலரிடம் நடக்கிறது. பெரிய அளவில் வெளியே வந்த துண்டுகள் சுருங்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். நெதர்லாந்தில், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடும் சயாட்டிகாவில் இருந்த 283 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தவர்களைவிட, விரைவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் அடங்கியது. ஓராண்டு முடிவில் இரு குழுவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே, வலுவிழப்பு இல்லாதவரை, வலியைத் தாங்க முடிகிறதா, வேலைக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் வைத்து நோயாளியே முடிவெடுக்கலாம். அறுவை செய்துகொண்டவரைக் கோழை என்றோ செய்யாதவரைப் பிடிவாதக்காரர் என்றோ பேசுவது முறையாகாது.

அறுபதைத் தாண்டியவர்களிடம் கதை வேறு. நூறடி நடந்ததும் இரு கால்களும் கனத்து மரத்துப்போய், ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்து குனிந்ததும் சரியாகிவிடும் என்று அவர்கள் சொல்வார்கள். சைக்கிள் மிதிப்பதில் தொந்தரவு இருக்காது. தண்டுவடக் கால்வாய் குறுகுவதால் வரும் இந்த நிலையில் முதுகைப் பின்னோக்கி வளைக்கும் பயிற்சி பெரும்பாலும் கெடுதலே செய்யும். மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சுக்கு அணைப்பதும், நிறுத்தி வைத்த சைக்கிளை மிதிப்பதும், இளைப்பாறி இளைப்பாறி நடப்பதும் பயன் தரும். ஒரே வலிக்கு ஒரே பயிற்சித்தாள் கொடுப்பது எவ்வளவு தவறு என்பதை இவர்களைப் பார்த்தால் புரியும்.

வலி ஓரளவு அடங்கியதும் சிகிச்சையின் முக்கியமான பகுதி தொடங்குகிறது. துரதிர்ஷ்டவசமாக, பெரும்பாலானோர் வருவதை நிறுத்திவிடுவதும் அப்போதுதான். பத்து சிட்டிங் முடிந்து வலியும் போய்விட்டால் மேலும் செலவழிக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை, அதைக் குறை சொல்ல முடியாது. அதனால் அந்தப் பகுதியை வீட்டிலேயே செய்யும்படி அமைக்கிறேன். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி இடுப்பை உயர்த்திப் பத்து எண்ணும்வரை நிறுத்துவது பிட்டத்தின் தசைகளுக்கு. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிய நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டி நிறுத்துவதும், ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவதும் முதுகையும் வயிற்றின் பக்கங்களையும் தாங்கும் தசைகளுக்கு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கவியலை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரவலாக்கிய மூன்று பயிற்சிகளில் கடைசி இரண்டும் அடங்கும். இவற்றோடு நின்றுவிடக் கூடாது. பண்டல் தூக்கும் வேலைக்குத் திரும்பப் போகிறவர் பண்டல் தூக்கப் பழக வேண்டும். முதலில் வெறுங்கையோடு இடுப்பில் மடிந்து நிமிர்வது, பிறகு பாதி வாளித் தண்ணீர், பிறகு முழு வாளி, பிறகு அரிசி மூட்டையில் ஒரு பகுதி என்று வாரத்துக்கு வாரம் சுமையைக் கூட்ட வேண்டும்.

பயிற்சியின்போது வலித்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் பலரால் தொடங்கவே முடியாது. பத்துக்கு மூன்று நான்கு என்ற அளவில் வலி இருந்து, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால், தசை கேட்கும் அளவில்தான் செய்கிறோம் என்று பொருள். மறுநாளும் வலி கூடியே இருந்தால், பயிற்சியைக் கைவிடாமல் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். நாள்பட்ட வலியில், சிறிய அசைவையும் நரம்பு மண்டலம் ஆபத்தாக எண்ணி உரக்கக் குரல் கொடுக்கும். வலிக்கிறது என்பதாலேயே உள்ளே ஏதோ கிழிகிறது என்று பொருளாகாது. தூக்கமின்மை, கடன் கவலை, வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஆகியவை இந்த வலியைக் கூட்டுகின்றன என்று சொன்னால், நான் நடிக்கிறேன் என்கிறீர்களா என்று சிலர் வருந்துகிறார்கள். அந்த வலி முற்றிலும் உண்மையானது, அதனால்தான் தூக்கத்தைப் பற்றியும் கேட்கிறேன்.

இனி இயந்திரங்கள். ஐ.எஃப்.டி., டென்ஸ் என்னும் மின்தூண்டல் கருவிகள், ஒலியலையால் சிகிச்சை தரும் அல்ட்ராசவுண்ட், முதுகை இழுத்துப் பிடிக்கும் ட்ராக்‌ஷன் எல்லாம் என் கிளினிக்கில் உள்ளவையே. கரண்ட் வைத்தபின் சில மணி நேரம் இதமாக இருப்பதாகப் பலர் சொல்வது உண்மை. அந்த இதத்தைப் பயன்படுத்திக்கொண்டு, மற்ற நேரத்தில் செய்ய முடியாத பயிற்சியைச் செய்யவைப்பதற்காகச் சிலருக்கு நானும் வைக்கிறேன். எனினும், அதுவே சிகிச்சை என்று சொல்லிப் பதினைந்து நாள் வரவழைப்பதை என்னால் ஏற்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்புவலிக்காக 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, பயிற்சி, மசாஜ், கைகளால் செய்யும் மூட்டுச் சிகிச்சை, உளவியல் துணை ஆகியவற்றைப் பரிந்துரைத்துவிட்டு, ட்ராக்‌ஷன், டென்ஸ், அல்ட்ராசவுண்ட், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. 2020-இல் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியோடு இருந்தார்கள் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு பேருக்குப் பயன் தராத ஒன்றை விற்பது சிறிய தவறாகாது. நீண்ட பயணத்துக்கு ஓரிரு நாள் பெல்ட் போடுவதில் கெடுதல் இல்லை, மாதக்கணக்கில் போட்டால் தன் முதுகின் மீதே நம்பிக்கை போய்விடும்.

கட்டாந்தரையிலோ பலகையிலோதான் படுக்க வேண்டும் என்ற அறிவுரையும் அப்படித்தான். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் மெத்தைகளை ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினம் உள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. இருக்கிற இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழிந்துவிடாமல் இருந்தால் போதும்.

கழுத்துக்கு வந்தால், கைபேசியைக் குனிந்து பார்ப்பதால் கழுத்தின் மீது 27 கிலோ எடை ஏறுகிறது என்ற படம் எல்லோருடைய வாட்ஸப்பிலும் வந்திருக்கும். அது 2014-இல் ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் கணித்த எண். 60 பாகை குனிந்தால் கழுத்தில் அவ்வளவு விசை விழும் என்று அது சொல்கிறதே தவிர, அந்த விசையால் கழுத்து கெட்டுவிடும் என்று காட்டவில்லை. கழுத்து குனிவதற்காகவே அமைந்த உறுப்பு. ஒரே நிலையில் மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதும், அந்த வேலைக்குத் தேவையான வலு தசைகளில் இல்லாமல் இருப்பதும்தான் பெரும்பாலும் சிக்கல். பின்லாந்தில் நாள்பட்ட கழுத்துவலி இருந்த 180 அலுவலகப் பெண்களிடம் ஓராண்டு நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தவர்களில் 73 விழுக்காட்டினரும், தாக்குப்பிடிக்கும் திறனுக்கான பயிற்சி செய்தவர்களில் 59 விழுக்காட்டினரும் வலி வெகுவாகக் குறைந்ததாகவோ முற்றிலும் போனதாகவோ தெரிவித்தனர். இவ்விரண்டும் இல்லாத குழுவில் அப்படிச் சொன்னவர்கள் 21 விழுக்காடு.

நான் முதலில் கற்றுத்தருவது கழுத்தின் முன்பக்கம் ஆழத்தில் இருக்கும் சிறு தசைகளுக்கான பயிற்சி. மடித்த துண்டைத் தலைக்கு அடியில் வைத்து மல்லாந்து படுத்து, ஆமாம் என்று தலையாட்டுவதுபோல் மோவாயை மட்டும் மிக மெதுவாகக் கீழே இழுத்து, பத்து நொடி நிறுத்தித் தளர்த்த வேண்டும். தொண்டையின் பக்கவாட்டில் தசைகள் கயிறுபோல் புடைத்தால் அளவுக்கு மீறி முயல்கிறோம் என்று அறிந்து குறைத்துக்கொள்ள வேண்டும். பத்துத் தடவை செய்தால் போதும். பிறகு, ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி இரு கைகளாலும் பின்னோக்கி இழுப்பதும், பட்டையை மிதித்துக்கொண்டு கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம்வரை உயர்த்துவதும் தோள்பட்டைக்கு வலு தரும். நேரமில்லை என்று சொல்லும் தையல்காரர்களிடம் டென்மார்க் ஆய்வு ஒன்றைச் சொல்வதுண்டு. அங்கே கழுத்து, தோள் வலியுள்ள 198 அலுவலக ஊழியர்களில் ஒரு பகுதியினர் ரப்பர் பட்டைப் பயிற்சியை நாளுக்கு இரண்டே நிமிடம், பத்து வாரம் செய்தார்கள். பன்னிரண்டு நிமிடம் செய்தவர்களைப் போலவே அவர்களுக்கும் வலி குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது.

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலியும் மரத்தலும், அதாவது கட்டைவிரலிலோ நடுவிரலிலோ மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வும், காலுக்கு இறங்கும் சயாட்டிகாவின் உறவே. வலிக்கும் கையைத் தலைமேல் வைத்தால் இதமாக இருப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. இரவில் அந்த நிலையில் படுக்கலாம். பெரும்பாலானோருக்கு இது சில வாரங்கள் முதல் சில மாதங்களில் அறுவை இன்றியே அடங்குகிறது. கையின் பிடி வலுவிழந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

கழுத்து எலும்பு தேய்ந்ததால் தலை சுற்றுகிறது என்று காலர் மாட்டிக்கொண்டு வருபவர்கள் நம் ஊரில் ஏராளம். படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ சில நொடிகள் அறையே சுழல்வதுபோல் இருந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் உட்செவியில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதுதான். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பி அத்துகள்களை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் எப்லி முறையில் அது ஓரிரு முறைகளிலேயே நீங்கிவிடுவதுண்டு. காலர் அதற்கு எந்தப் பயனும் தராது, மாதக்கணக்கில் அணிந்தால் கழுத்துத் தசைகளையும் நலிவாக்கும். முடிவெட்டிய பிறகு சலூனில் கழுத்தை இருபக்கமும் சொடுக்கிவிடும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கழுத்து எலும்புகளின் வழியாக மூளைக்குச் செல்லும் தமனி அந்தத் திடீர் திருப்பத்தில் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதாக நடந்தாலும், நடக்கிறது. சொடக்குச் சத்தத்துக்காக ஏற்கத் தகுந்த ஆபத்து அது அல்ல.

முதுகுவலி ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வருவது மிக வழக்கம். அதைத் தள்ளிப்போட இதுவரை கண்டவற்றில் மிக மலிவானது நடைதான். ஆஸ்திரேலியாவில் அண்மையில் முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாகக் கூட்டி வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் நடக்கும் இலக்கோடு நடந்தவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த வலி வர 208 நாள்கள் ஆயின. நடக்காத குழுவுக்கு 112 நாள்கள்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்பவர்களிடம் நடக்கச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும், ஒரே இடத்தில் நிற்பதும் கைவீசி நடப்பதும் உடலுக்கு வேறு வேறு.

தனியார் கிளினிக்குக்குச் செலவழிக்க முடியாதவர்கள் அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவுக்குச் செல்லலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் மருந்தகத்தின் வழியாகப் பரிந்துரை பெறலாம். நடமாட முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு இருக்கிறது. ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். எங்கே போனாலும், பரிசோதிக்காமல் நேரடியாக இயந்திரத்தில் படுக்கவைத்தாலோ, வீட்டில் செய்யப் பயிற்சி எதுவும் கற்றுத்தராவிட்டாலோ, வேறு இடம் பார்ப்பது நல்லது.

பயிற்சியை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும், ஒன்றரை ஷிப்ட் முழுவதும் முதுகுச்சாய்வு இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்தால் அதன் பயனில் ஒரு பகுதி போய்விடுகிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எழுந்து நிற்பதும் கூலி இழப்பு என்பதால், அவ்வப்போது எழுந்து நடங்கள் என்ற என் அறிவுரை அவருக்கு உதவுவதில்லை. அதை யூனிட் நடத்துபவர்களிடம்தான் கேட்க முடியும். ஸ்டூலுக்குப் பதில் உயரம் மாற்றக்கூடிய, முதுகுச்சாய்வுள்ள நாற்காலி வேண்டும். முழங்கை மடங்கும் உயரத்துக்கு மேசையும், காலை எட்டி நீட்டாமல் மிதிக்கும் தூரத்தில் பெடலும், ஊசிமுனை நிழலின்றித் தெரியும்படி மெஷினிலேயே ஒரு விளக்கும் வேண்டும், ஏனெனில் வெளிச்சம் குறைந்தால்தான் தலை அதிகம் குனிகிறது. மணிக்கு இரண்டு நிமிடம் எல்லோரும் ஒன்றாக எழுந்து ரப்பர் பட்டையை இழுத்துவிட்டு உட்கார்வதற்கான கூலியையும் பீஸ் ரேட்டுக்குள் கணக்கிட வேண்டும். இதைச் செய்து பார்க்க விரும்பும் யூனிட் எதுவானாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் வந்து நாற்காலியின் உயரத்தை ஒவ்வொருவருக்கும் அளந்து, பயிற்சியையும் கட்டணமின்றிக் கற்றுத்தர நான் தயாராக இருக்கிறேன்.